கூரைக்காரியின் மூக்கு

இந்த மாதம் வந்த காமிக்ஸ் புத்தகங்களில் உருப்படியானவை மூன்றே மூன்றுதான். மற்றவற்றை நேராகப் பழைய பேப்பர்காரரிடமே அனுப்பியிருக்கலாம். நடுவில் கடை என்று ஓரிடத்தில் இறக்கி ஏற்றியதுதான் வீண் வேலை.

நீங்கள் கேட்டது இதை அல்ல என்பது தெரியும், இன்ஸ்பெக்டர் அம்மா. அதற்குத்தான் வருகிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதை நீங்கள் என்னிடமே விட்டீர்கள். எனக்கு இங்கிருந்து ஆரம்பித்தால்தான் கோவையாக வரும். வாக்குமூலம் எழுதும் ஏட்டய்யா பேனாவை மூட வேண்டாம். அவரும் எங்கள் கடைக்கு வருகிறவர்தான். பயில்வான் கதைகளாகப் பார்த்து வாங்கி, சட்டைக்குள் செருகிக்கொண்டு போவார். அதைப் பற்றி நான் வெளியே மூச்சு விட்டதில்லை.

முதலில், ‘மும்முகன்’ மறுபடியும் பிழைத்துவிட்டான். போன வருடம்தான் கறுப்பு அட்டை போட்டு, சிறப்பிதழ் வெளியிட்டு அவனைக் கொன்றார்கள். கடையில் பெரிய மனிதர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். இப்போது எரிமலைக்குள்ளிருந்து தலைவாரிய கோலத்தில் எழுந்து வருகிறான். எரிமலைக்குள் சீப்பு எங்கே கிடைத்தது என்று கேட்கக் கூடாதாம். செத்தவர் செத்தபடியே இருக்க வேண்டும். இல்லையென்றால் கொன்றதற்கே ஒரு மரியாதை இல்லாமல் போய்விடுகிறது. அடுத்தது ‘விண்கலம் கிளம்புகிறது’. ஏழு இதழாக அது கிளம்பவில்லை. கேப்டன் பேசுகிறார், துணைக் கேப்டன் பேசுகிறார், சமையல்காரர்கூடப் பேசுகிறார். சாவியை யார் வீட்டில் மறந்து வைத்தார்கள் என்று எட்டாவது இதழில் சொல்வார்களோ என்னவோ.

நல்லதைச் சொல்ல வேண்டுமென்றால் ‘பல்வலி’. ஒரு பல் டாக்டர் எழுதி வரைந்தது. கதை முழுக்க ஒரே பல்தான், அதுவும் கடைவாய்ப் பல். படித்து முடித்ததும் இரண்டு நாள் தாடையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அட்டை கண்றாவி, ஆனாலும் வாங்குங்கள். ‘குடைக்குள் இருவர்’ படிக்கலாம். காதல் கதைதான், ஆனால் காதலர்கள் அளவாகப் பேசுகிறார்கள். மூன்றாவது புத்தகம் எது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் விஷயத்துக்கு வந்துவிடலாம்.

நான் லிஃப்ட் பராமரிக்கிறவன். கம்பெனி என்னைப் பல கட்டடங்களுக்கு அனுப்பும். எண்ணெய் போடுவது, கம்பிவடம் பார்ப்பது, கதவு சரியாகச் சாத்துகிறதா என்று கவனிப்பது என் வேலை. கடையில் என்னை எல்லோரும் லிஃப்ட் அண்ணன் என்பார்கள். புதுப் புத்தகக் கட்டு வரும் காலையில் ஷட்டர் தூக்கும்போதே நான் அங்கு நிற்பேன். கடைக்காரர் ஒவ்வொரு புத்தகத்தையும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு ஒட்டிவிடுகிற மனிதர். ஒட்டிய பிறகு பெற்ற அம்மா வந்து கேட்டாலும் புரட்டிப் பார்க்க விடமாட்டார். ஆனால் உறை போடும் முன்பு ஒவ்வொன்றும் என் கை வழியாகப் போக வேண்டும் என்பது எங்களுக்குள் வழக்கமாகிவிட்டது. வாசலருகே கண்மட்டத்தில் எனக்கென்று ஒரு தட்டு உண்டு. ‘லிஃப்ட் அண்ணன் சிபாரிசு’ என்று கடைக்காரரின் தங்கை அட்டையில் எழுதி ஒட்டியிருக்கிறார். அந்தத் தட்டில் ஏறிய புத்தகம் சாயங்காலத்துக்குள் காலியாகும். நான் முகம் சுளித்த புத்தகம் வெயிலில் அட்டை வெளுத்துக் கிடக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு பொறுப்பு இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

காமிக்ஸில் முதலில் பென்சிலில் வரைவார்கள். பிறகு அதன்மேல் தூரிகையால் மை இழுப்பார்கள். பென்சிலில் யாரும் யாரைப் போலவும் வரைந்துவிடலாம். மையில் முடியாது. ஆளின் குணம் முழுக்க மைக்கோட்டில் வந்து உட்கார்ந்துவிடும், அதிலும் மூக்கில். பெயரை மறைத்துவிட்டு ஒரு மூக்கை மட்டும் காட்டுங்கள். யார் கை என்று சொல்லிவிடுவேன். இதில் நான் தோற்றதே கிடையாது. ஒருமுறை என் மனைவி கேட்டாள், “எவனோ போட்ட மூக்கு எவன் போட்டதுன்னு தெரியுது. கட்டினவ கண்ணாடி மாத்தி மூணு மாசமாச்சு, அது தெரியலையே?” என்று. நியாயமான கேள்விதான். அவள் மூக்கை யாரும் வரையவில்லையே, நான் என்ன செய்வது.

இனி ‘கூரைக்காரி’. ஏட்டய்யாவுக்குத் தெரியும், உங்களுக்காகச் சொல்கிறேன். அவள் ஒரு திருடி. திருட்டுப்போன பொருள்களை மட்டும் திருடிக்கொண்டு வந்து உரியவரிடம் சேர்ப்பவள். தரையில் நடக்கமாட்டாள், வீட்டுக்கு வீடு கூரை வழியாகவே போவாள். கொண்டையில் பூட்டுத் திறக்கும் கம்பியைக் குறுக்கே செருகியிருப்பாள். அவளுடைய மூக்கு இருக்கிறதே, புருவத்தில் ஆரம்பித்து நாசி மடல்வரை ஒரே இழுப்பு. தூரிகையை எடுக்காமல், மூச்சு விடாமல் இழுத்த கோடு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ நேராகும். வாழ்க்கையில் எனக்கு அப்படி நேரானது வேறெதுவும் இல்லை. அட்டையில் ஓவியர் ஐயாவின் பெயர் மட்டும்தான் இருக்கும். அவர் வெளியே வருவதே கிடையாது. மூடிய இடம் என்றால் பயமாம், லிஃப்டில் காலே வைக்கமாட்டார். முழங்கால் வலியால் படியும் இறங்கமாட்டார்.

ஒருமுறை கடையில் வாசகர் சந்திப்பு வைத்தோம். ஐயாவுக்குப் பதிலாக அவர் வீட்டம்மா வந்தார். எப்படி இவ்வளவு துணிச்சலாகக் கதை போகிறது என்று யாரோ கேட்டதற்கு, “எங்க வீட்டுல கடைசிப் பக்கத்தத்தான் முதல்ல வரைவோம். இந்த மாசத்துப் பக்கமெல்லாம் வண்டி ஏறுறதுக்கு முன்னாடியே அடுத்ததோட கடைசிப் பக்கம் முடிஞ்சு மேஜைமேல இருக்கும். முடிவு கையில இருந்தா நடுவுல எங்க வேணா அலையலாம் பாருங்க” என்றார். கூட்டம் கை தட்டியது. ‘வரைவோம்’ என்று அவர் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவிமார்கள் அப்படித்தான். என் மனைவிகூட ஒரு காலத்தில், “நாங்க லிஃப்ட் பாக்குறோம்” என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கு எங்கள் கம்பெனிதான் பராமரிப்பு என்று தெரிந்ததும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொண்டேன். பதிலுக்கு ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டை அவன் தலையில் கட்டினேன். அதற்கு அவன் இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருப்பான்.

அந்த அம்மாவை லிஃப்டில் அடிக்கடி பார்ப்பேன். படம் வைக்கும் தகரக் குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். கொண்டையில் பென்சிலைக் குறுக்கே செருகியிருப்பார். புருஷன் வரைகிற கதாநாயகியைப் பார்த்து இந்த வயதில் இவரும் அதே மாதிரி கொண்டை போடுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வரும். மரியாதை கருதி அடக்கிக்கொள்வேன். விரல்களில் எப்போதும் மை இருக்கும், நகக்கண்ணிலிருந்து முட்டிவரை. தூரிகை கழுவிக் கொடுப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்த லிஃப்ட் தரைக்கு இரண்டு விரல் கீழேதான் வந்து நிற்கும்; பழைய மெஷின், எவ்வளவு சரிசெய்தாலும் அதன் பிடிவாதத்தை விடாது. அதனால் அவர் ஏறும்போதும் இறங்கும்போதும், “பாத்துப் போங்கம்மா” என்பேன். “நீங்க ஒருத்தர்தான் எனக்கு இதச் சொல்றீங்க” என்று சிரிப்பார்.

எனக்கு ஐயாவின் கையெழுத்து வேண்டும் என்று கேட்டபோது மறுபேச்சில்லாமல் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். ஜன்னலோரம் நாற்காலியில் ஐயா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“யாரு?”

“லிஃப்ட் பாக்குறவரு. நம்ம புத்தகம் ஒண்ணு விடாம படிக்கிறாரு. மூக்கப் பாத்தே கை யாருதுன்னு சொல்லிடுவாராம்.”

“அப்படியா. வெளிச்சத்த மறைக்காம நிக்கச் சொல்லு.”

பேப்பரை இறக்காமலேயே கையெழுத்துப் போட்டார். எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கோணல்மாணலாக ஓடின. பெரியவர்களுக்கு அவசரம் இருக்கும். அவருக்கு வந்த டீ கோப்பை சாசரில் கடகடவென்று ஆடிக்கொண்டே மேஜைக்குப் போனது. உள்ளே அவ்வளவு வேகம் இருக்கிறவர் என்று வியந்தேன். அவருடைய விரல்களைப் பார்த்தேன். கழுவித் துடைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தன. மை ஒரு பொட்டுக்கூட இல்லை. கை சுத்தம் என்றால் அதுதான். கற்றுக்குட்டிகள்தான் மேலெல்லாம் பூசிக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகுதான் கூரைக்காரிக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது. ஒரு மாதம் கட்டைப் பிரித்துப் புரட்டினேன். மூன்றாம் பக்கத்திலேயே கை நின்றுவிட்டது. மூக்கு வீங்கியிருந்தது. கோடு நடுங்கி நடுங்கி, நடுவில் நின்று, யோசித்து, மறுபடி கிளம்பியிருந்தது. கூரையில் ஓடுகிறவள் ஆட்டோவுக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றுகொண்டிருந்தாள். அடுத்த மாதம் பழையபடி அற்புதமாக வந்தது. அதற்கடுத்து மறுபடியும் வீக்கம். கடைசிப் பக்கம் மட்டும் எல்லா இதழிலும் சரியாக இருந்தது. இரண்டு கை வேலை செய்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. இரண்டாவது கை யாருடையது என்று கண்டுபிடிக்க மூளை தேவையில்லை. யார் விரலில் மை இருக்கிறது என்று பார்த்தால் போதும்.

அந்த மாதம் கூரைக்காரியை என் தட்டிலிருந்து இறக்கினேன். கடைக்காரர் ஏனென்று கேட்டார். நான் காரணத்தை விளக்கியதும் அவர் தங்கை உறையை ஒட்டிக்கொண்டே, “அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. நல்லா இருக்கறதுதான் அந்தம்மா வரைஞ்சதோ என்னமோ?” என்றார். நான் சிரித்த சிரிப்பில் புரையேறிக் கடைக்காரர் வந்து தலையில் தட்ட வேண்டியதாயிற்று. அந்த வருடம் அவ்வளவு வாய்விட்டுச் சிரித்தது அது ஒரு தடவைதான்.

அந்த அம்மாவிடமே பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பேசினேன். எதையும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிறவன் இல்லை நான். ஒருநாள் லிஃப்டில் அவரே, “இந்த மாசம் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டார்.

“சொன்னா வருத்தப்படக் கூடாது. வேற கை பட்ட மாதிரி இருக்கும்மா.”

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “கண்டுபிடிச்சுட்டீங்களா? நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு எனக்குத் தெரியும். வெளிய சொல்லிடாதீங்க, வீட்டுல பெரிய சண்டையே நடந்துட்டிருக்கு. யார் போட்டாலும் மூக்கு மூக்குத்தானே, இதுல என்ன பெருசா இருக்குன்னு ஒரு வீம்பு.”

திருடியவரே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறாரே என்று எனக்கு அதிர்ச்சி. ஆனாலும் நிதானமாகத்தான் சொன்னேன்.

“அம்மா, கையெடுத்துக் கும்பிடுறேன். ஐயாவையே வரைய விடுங்க.”

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கிவிட்டது. லிஃப்ட் கீழே வந்து, கதவு திறந்து, மறுபடி சாத்திக்கொண்டது.

“உங்களுக்குக் கூடவா தெரியல?” என்றார். பிறகு, “சரி விடுங்க. அடுத்த வருஷத்திலேருந்து அட்டையில என் பேரு வரப்போகுது. பதிப்பாளர் ஒத்துக்கிட்டாரு, இவரும் ஒருவழியா தலையாட்டிட்டாரு. இனிமே எல்லாப் பக்கமும் நான்தான். அப்ப நீங்களே பாத்துச் சொல்லுங்க” என்றார். தோளில் குழாயைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். “பாத்துப் போங்கம்மா” என்றேன். அவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத்தான் போனார். நல்ல மனுஷி, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

எல்லாப் பக்கமும் நான்தான் என்று சொல்லிவிட்டாரல்லவா. இனிமேல் வீக்கம்தான், மாதாமாதம் வீக்கம். அட்டையில் பெயரும் ஏறிவிட்டால் பிறகு யாராலும் இறக்க முடியாது. பொது இடத்தில் இருக்கிற ஒரு பெரிய ஓவியத்தின்மேல் ஒருவர் ஏணி போட்டு ஏறி, கையில் தார் வாளியோடு நிற்கிறார் என்று வையுங்கள். பார்த்துக்கொண்டு சும்மா போவீர்களா? ஏணியைக் கொஞ்சம் நகர்த்துவீர்கள். நான் செய்தது அவ்வளவுதான்.

பக்கங்கள் போகிற நாள் எது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அச்சகத்து வண்டி காலையில் வாசலில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். அந்த அம்மா குழாயோடு இறங்குவார். அன்றைக்கே என் பராமரிப்பு முறையும் வருகிற மாதிரி வைத்துக்கொண்டேன். லிஃப்ட் வந்து நின்றால்தான் மாடிக் கதவு திறக்க வேண்டும். அதற்கென்று ஒரு பூட்டு இருக்கிறது. அன்று அவர்கள் வீடு இருக்கும் ஐந்தாம் மாடியில் மட்டும் அந்தப் பூட்டு வேலை செய்யவில்லை. விளக்கு எரிந்தது, மணி அடித்தது, கதவு வழக்கம்போல விலகியது. லிஃப்ட் அதற்கும் மேல்மாடியில் இருந்தது.

மற்ற மாடிகளில் ‘பழுது, படியைப் பயன்படுத்தவும்’ என்ற பலகையை மாட்டியிருந்தேன். அந்தக் கட்டடத்தில் குழந்தைகள் இருக்கின்றன, கைத்தடி ஊன்றுகிறவர்கள் இருக்கிறார்கள். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் என் மனசாட்சி என்னைச் சும்மா விடாது. நீங்கள் முதல் நாள் வந்து படியில் ஏறி ஒவ்வொரு மாடியாகப் பார்த்துவிட்டு, “அஞ்சாவதுல மட்டும் ஏன் போர்டு இல்ல?” என்று கேட்டீர்கள். என் ஒழுங்குதான் என்னைக் காட்டிக்கொடுத்தது. அலட்சியமான ஆளாக இருந்திருந்தால் இன்று வீட்டில் உட்கார்ந்து ‘பல்வலி’யை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருப்பேன்.

நான் கீழே நின்றிருந்தேன். “மருந்து மேஜைமேல வச்சிருக்கேன், மறக்காதீங்க” என்று அவர் உள்பக்கம் திரும்பிச் சொல்வது படிக்கட்டு வழியாகக் கேட்டது. வீட்டைத் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டே காலை வைப்பது அவர் பழக்கம். ஒவ்வொரு முறையும் அதற்காகத்தான் பார்த்துப் போகச் சொல்வேன். அன்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது நடிப்பாக இருந்திருக்கும். எனக்கு நடிக்க வராது.

சத்தம் பெரிதாக இல்லை. குழியைத் திறந்து இறங்கி, முதலில் குழாயைத்தான் எடுத்தேன். மூடி நசுங்கியிருந்தது. உள்ளே பக்கங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதை வண்டிக்காரரிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். வரிசை தப்பு என்று இப்போது நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது. ஆனால் வண்டி கிளம்பிவிட்டிருந்தால் இதழ் ஒரு மாதம் தள்ளிப்போயிருக்கும்.

அந்த இதழ் பிரமாதமாக வந்தது. மூக்கு முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே இழுப்பு. என் தட்டில் முதலிடத்தில் வைத்தேன். அந்த அம்மாவுக்கு அந்த முறை கைவைக்க நேரம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

துக்கம் விசாரிக்கப் போனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. ஐயா அதே ஜன்னலோரத்தில் இருந்தார். யாரோ கொடுத்த தண்ணீரைப் பிடிக்க முடியாமல் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார். வந்தவர்களிடமெல்லாம், “அவ மையை எதுல கரைப்பான்னு கூட எனக்குத் தெரியாதே. தூரிகை எங்க இருக்குன்னு தெரியாதே” என்று தலை நிமிராமலேயே சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அவ்வளவு பெரிய கலைஞருக்குத் தூரிகையை எடுத்துக் கையில் தர இனிமேல் ஆளில்லையே என்றுதான் இருந்தது. அந்த ஒரு உதவியை மட்டும் அந்த அம்மா குறைவில்லாமல் செய்திருக்கிறார். நானே வந்து எடுத்துத் தரலாமா என்றுகூட யோசித்தேன். அதற்குள் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

ஆக, நான்தான் செய்தேன். யாரும் தூண்டவில்லை, கோபத்திலும் செய்யவில்லை. எழுதிக்கொள்ளுங்கள் ஏட்டய்யா, எழுத்துப்பிழை இல்லாமல்.

மூன்றாவது புத்தகத்தைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. இந்த மாதக் கட்டு பிரித்தபோது நான் இங்கே உள்ளே இருந்தேன். இத்தனை வருடத்தில் என் கை படாமல் உறைக்குள் போன முதல் கட்டு. ‘பல்வலி’யையும் மற்றவற்றையும் ஏட்டய்யாதான் படிக்கக் கொடுத்தார்; நல்ல மனிதர். ஆனால் பார்க்காமலேயே மூன்றாவதாக நான் கணக்கில் சேர்த்த கூரைக்காரியை நீங்கள் இப்போதுதான் மேஜைமேல் வைக்கிறீர்கள். உறையையும் நீங்களே பிரித்துவிட்டீர்கள். நன்றி.

“அந்த அம்மா போனப்புறம் அச்சுக்குப் போன முதல் இதழ் இது. நீங்கதான் மூக்கப் பாத்துச் சொல்லுவீங்களே, பாத்துச் சொல்லுங்க” என்கிறீர்கள்.

பார்க்கிறேன். முதல் பக்கம் நன்றாக இல்லை. இரண்டாவதும் அப்படித்தான். இதை மூக்கு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. சுவரில் யாரோ ஈரக் கையைத் துடைத்த மாதிரி இருக்கிறது. கோடு எங்கே போவதென்று தெரியாமல் தவிக்கிறது. இதுவரை வந்த வீக்கங்களிலெல்லாம் மோசமான வீக்கம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது புரிகிறது. அவசரப்படாதீர்கள். மனைவியைப் பறிகொடுத்தவர் கை நடுங்காமல் என்ன செய்யும். இது துக்கம், வேறொன்றுமில்லை. பொறுமையாகக் கடைசிவரை புரட்டிப் பார்க்க வேண்டும்.

கடைசிப் பக்கம்.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

கூரைக்காரி ஒரு லிஃப்ட் குழிக்குள் கம்பிவடத்தைப் பிடித்து இறங்கி வருகிறாள். தோளில் தகரக் குழாய். பாதி வழியில் ஒரு மாடியில் கதவு திறந்திருக்கிறது. அவள் வெளியே தாவுவதற்காகக் கதவை மூடவிடாமல் ஒரு ஆள் முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டு நிற்கிறான். நீலச் சட்டை, பையில் டார்ச். இடது காதின் மேல்நுனி உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. இந்தக் காதைப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் அம்மா, என் காதையும் பாருங்கள். என் மனைவியே கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் இதைக் கவனித்தாள். அவன் வாயருகே எழுதியிருக்கிறது: “பாத்துப் போங்கம்மா.” அவள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். புருவத்திலிருந்து நாசி மடல்வரை ஒரே இழுப்பு. நான் பார்த்ததிலேயே நல்ல மூக்கு இதுதான்.

ஏட்டய்யா ஏதோ சொல்ல வருகிறார். “அம்மா, கடைசிப் பக்கத்தத்தானே அவங்க முதல்ல...” என்று ஆரம்பித்தவரை நீங்கள் கையைக் காட்டி நிறுத்திவிட்டீர்கள். “பெரியவரு உங்க முகத்த எப்ப பாத்தாரு?” என்று என்னைக் கேட்கிறீர்கள். அவர் பேப்பரை இறக்கவில்லை, துக்க வீட்டில் தலை நிமிரவில்லை, அது உண்மைதான். லிஃப்டிலும் ஏறியது கிடையாது. ஆனால் இன்ஸ்பெக்டர் அம்மா, பெரிய கலைஞர்கள் பார்க்காமலேயே பார்த்துவிடுவார்கள். வந்து நின்ற அந்த இரண்டு நிமிடத்தில் என் காதைக் கவனித்திருக்கிறார் மனிதர். என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய மரியாதையை யாரும் எனக்குச் செய்ததில்லை.

ஏட்டய்யா, கடைசியாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், கடைக்காரரிடமும் சொல்லிவிடுங்கள். இந்த மாதம் என் தட்டில் முதலிடம் கூரைக்காரிக்கு. முன்பக்கங்களைப் பொருட்படுத்த வேண்டாம். கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்வதற்குள் ஐயாவுக்குக் கை திரும்பிவிட்டது. அடுத்த இதழ் முழுக்க இப்படித்தான் இருக்கும்.